அந்த ரோபோ பேச வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய விண்வெளி விளையாட்டின் முதல் அத்தியாயத்தை நேற்றிரவு ஆடி முடித்தேன். முதல் வேலையாக அந்த ரோபோவின் வாயை அடைத்துவிடு. ஆளில்லாத கோள், நடுவே ஒரு தூண். இரண்டு சூரியன்களும் நகர நகர, அதன் இரண்டு நிழல்களும் ஒரே கோட்டில் சேர்ந்து ஒரு பாறையைத் தொடுகின்றன. என்ன அழகான புதிர்! இதை யோசித்த தலைக்குத் தங்கக் கிரீடமே வைக்கலாம். ஆனால், நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ரோபோ "நிழலைக் கவனியுங்கள்" என்கிறது. போதாததற்குத் திரையில் மஞ்சள் அம்பு. பிறகு நான் கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

அடுத்து, ஆடுபவரை நீ தேடவைக்கும் அந்தச் சிவப்புச் சாவி; அது வேண்டாம். 2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' விளையாட்டு உனக்கு மனப்பாடம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், மறுபடி தொடக்கம். கப்பலைக் கடைசிவரை மேம்படுத்த வேண்டியதே இல்லை. தெரிந்துகொண்டது மட்டுமே கைமுதல். நம்மவர்கள் டொராண்டோவில் உருவாக்கிய 'வெண்பா'விலும் (2023) அதேதான்: சமையல் குறிப்பேட்டில் அழிந்த வரிகளை நாமே யோசித்து நிரப்ப வேண்டும். சாவி தேடுவது அலைச்சல், தம்பி. புதிர் என்றால் புத்தியில் ஏதாவது திறக்க வேண்டும்.

குளுவாங் பக்கம் நாங்கள் படித்த தோட்டப் பள்ளியில், கொடிக்கம்பத்தின் உச்சிவேளை நிழல் முனையில் வாரம் ஒரு கல் வைக்கச் சொன்னார் வாத்தியார். காரணம் சொல்லவில்லை. வடக்கே நீண்டிருந்த நிழல் வாரந்தோறும் சுருங்கியது. பங்குனியில் ஒருநாள் கம்பத்தடியிலேயே அடங்கிப்போனது. அடுத்த கல்லைத் தெற்கே வைத்தோம்! சூரியன் எங்கள் தலையைத் தாண்டி வடக்கே போய்விட்டது என்று ஒரு பையன் கத்தினான். வாத்தியார் அப்போதும் வாய் திறக்கவில்லை, சிரித்தார். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், ஜொகூரில் பிறந்த உனக்கு இந்த வானம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. உன் கோளுக்கும் அப்படியொரு ஆண்டுச் சுழற்சி கொடு.

சாவியை எடுத்துவிடு. ஆடுபவருக்கு முன் அந்தக் கோளுக்கு வந்தவர்கள் நிழல் முனையில் செதுக்கிய கோடுகளைப் பாறையில் வை. தூணுக்கு வடக்கே பல கோடுகள், தெற்கே ஒன்றே ஒன்று. அதோடு ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்வியை இரண்டாம் அத்தியாயம் முழுக்க இழுத்துப் போ. ரோபோ இல்லாத பிரதியைத் தீபாவளிக்கு முன் அனுப்பு. என் பேத்தியை ஆடவிட்டு, நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்