கொலுப் பொம்மைகளுக்குச் சிறு சாமான்கள் செய்தல்

கொலு வைக்கும் இல்லங்களில் பொம்மைகளுக்குக் குறைவில்லை. மதுரையை அடுத்த விளாச்சேரியிலிருந்து மண் பொம்மைகள் ஆண்டுதோறும் விற்பனைக்கு வருகின்றன. மரப்பாச்சி இணையோ தாய்வீட்டுச் சீராக வந்து பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. குறைவெல்லாம் அப்பொம்மைகள் உடுக்கவும் புழங்கவும் வேண்டிய சாமான்களிலேயே காணப்படுகிறது. கல்யாண செட்டில் மணமகளுக்குச் சுற்றிய துண்டுத் துணியின் கரை அவள் இடுப்பு வரை ஏறி நிற்கும். கடைத்தெரு செட்டில் மூட்டையிலுள்ள ஒவ்வோர் அரிசியும் கடைக்காரரின் உள்ளங்கை நீளம் இருக்கும். பார்ப்பவர்க்கு ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றுமேயன்றி, காரணம் உடனே புலப்படாது. காரணம் அளவு ஒன்றே.

இச்சிறு சாமான்களைச் செய்வதற்கு நம் விருதுநகர் மாவட்டத்தைவிட ஏற்ற இடம் அரிது. அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் தறி இருக்கிறது. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குரிய கட்டுத் துணி நெய்யப்படுகிறது. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பெண்களுக்கு அட்டை மடிக்கவும் தாள் ஒட்டவும் கை பழகியிருக்கிறது. கரிசல் காட்டில் பனையும் சோளமும் உண்டு. மூலப்பொருளுக்காகப் பெரிய முதலீடு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் பலர் பலவிடத்திலிருந்து செய்து கொணரும் பொருள்கள் ஒரே படியில் ஒன்றாக அமர வேண்டும். ஒருவர் செய்த சுளகு மற்றொருவர் செய்த மூட்டையைவிடப் பெரிதாயிருப்பின் இரண்டும் விலைபோகா. ஆதலின் வேலையைத் தொடங்குமுன் சங்கம் செய்ய வேண்டிய முதற்காரியம் ஓர் அளவை நிச்சயித்தலாகும்.

அங்குலத்துக்கு ஓரடி என்பது எளிய கணக்கு. ஐந்தரை அடி மனிதர் ஐந்தரை அங்குலப் பொம்மையாவார். ஆறடிப் பாய் ஆறங்குலம் ஆகும். இங்கிலாந்தில் 1921 முதல் 1924 வரை மேரி அரசிக்காகச் செய்யப்பட்டு, இன்று வின்சர் கோட்டையில் வைக்கப்பட்டுள்ள பொம்மை மாளிகையும் இவ்வளவிலேயே அமைந்தது. அதனை வகுத்தவர் புது தில்லியின் மாளிகைகளை வகுத்த லட்யன்ஸ் என்பவரே. ஜப்பானியர் மார்ச் 3ஆம் நாள் பெண் குழந்தைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்த படிகளில் வைக்கும் கொலுவிலும் பேழை, பல்லக்கு முதலிய சீர்வரிசைகள் கீழ்ப்படிகளில் சிறு வடிவில் இடம்பெறுகின்றன. நம் கொலுவில் தெய்வ உருவங்கள் பெரியனவாகவும் பிற சிறியனவாகவும் இருப்பது மரபு. அதை மாற்ற வேண்டியதில்லை. ஒரு செட்டுக்குள் அளவு ஒன்றாயிருந்தால் போதும். பத்தங்குல மரப்பாச்சிக்கு மட்டும் அங்குலத்துக்கு அரையடி என்று வேறு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி நெசவைப் பார்ப்போம். ஆறு கெஜச் சேலை 18 அடி. நம் அளவில் 18 அங்குலம். 48 அங்குல அகலம் 4 அங்குலமாகும். மூன்றங்குலக் கரை கால் அங்குலமாகும். அங்குலத்துக்கு 72 இழையுள்ள பாவில் கால் அங்குலம் என்பது 18 இழையே. இந்தப் 18 இழைக்குள் கோபுரமும் ருத்திராட்சமும் வைக்க முயல்வது வீண். மூன்று இழையில் ஒரு கோடு, இடைவெளி விட்டு மற்றொரு கோடு, நடுவே ஒன்றிரண்டு சரிகை இழை என்ற அளவில் நிறுத்தினால், தள்ளி நின்று பார்ப்பவர் கண் அதையே கனத்த கரையாகக் கொள்ளும். அரை அங்குலக் கட்டம் போட்ட சேலை வேண்டுமாயின் மூன்று இழை வெள்ளை, மூன்று இழை வண்ணம் என மாற்றிப் பாவு ஓட்ட வேண்டும். சுங்குடித் துணியை வெட்டி உடுத்துவோர் உண்டு. அதிலுள்ள சிறு புள்ளியும் பொம்மையின் மேல் எலுமிச்சம்பழம் அளவாகிவிடும்.

தனித் தறி தேவையில்லை. 48 அங்குல அச்சிலேயே, நான்கு அங்குலத்துக்கு இழை கோத்து, அரை அங்குலத்துக்குப் பல்லைக் காலியாக விட்டு, மறுபடி நான்கு அங்குலம் கோத்துக்கொண்டே சென்றால் 45 அங்குலத்துக்குள் பத்துச் சேலைகள் பக்கம் பக்கமாக அமையும். ஊடு முழு அகலத்துக்கும் ஒன்றாக ஓடும். பதினெட்டு அங்குலத்துக்கு ஒருமுறை இரண்டங்குலம் வண்ண ஊடு கொடுத்தால் அதுவே முந்தி. இவ்வாறு ஒரு சேலைக்குரிய ஆறு கெஜப் பாவில் 120 சிறு சேலைகள் விழும். ஒவ்வொரு சேலையின் ஓரத்து இழைகள் இரண்டையும் இரட்டையாகக் கோத்து, தறியிலிருந்து எடுத்ததும் ஓரத்தில் மெல்லிய பசை தடவிக் காய்ந்தபின் காலியிடத்தில் வெட்டினால் இழை பிரியாது. 120 என்ற எண்ணைக் கண்டு மயங்கிவிடல் ஆகாது. கேட்பார் உறுதியாவதற்கு முன் பாவு ஓட்டுவது நூலையும் நாளையும் முடக்குவதாகும்.

நீளமும் அகலமும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகின்றன. நூலின் பருமன் குறைவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சரியான கணக்குப்படி நெய்த சேலையே பொம்மையின் மேல் தகரம்போல் விறைத்து நிற்பது இதனால்தான். ஆகவே 100 நம்பருக்கு மேற்பட்ட நூலைக் கொண்டு, ஊட்டை நெருக்காமல் நெய்து, கஞ்சி முழுவதும் போக அலச வேண்டும். உடுத்தும்போது 18 அங்குலமும் சுற்றினால் பொம்மை பருத்துவிடும், ஓரடி போதும். கொசுவத்தை ஈரத்தோடு மடித்து, நூலால் கட்டி, நிழலில் உலர்த்தி, பிறகு கட்டை அவிழ்த்தால் மடிப்பு கலையாமல் கீழ்நோக்கி விழும். இவ்வேலையில் நெசவாளரைக் காட்டிலும் அவர் வீட்டுப் பெண்களின் கையே தேர்ந்தது என்பது என் கருத்து.

கடைத்தெரு செட்டுக்கு வருவோம். விருதுநகரின் பருப்பு, வற்றல், எண்ணெய் வியாபாரத்தை அறியாதார் இல்லை. நம் ஊரின் பெயரால் ஒரு கமிஷன் மண்டி செட் செய்வது பொருத்தமாகும். சாக்குக்கு உண்மைச் சணல் உதவாது. சத்திரப்பட்டிக் கட்டுத் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தினால், அதன் கண்விட்ட நெசவு சாக்கைப் போலவே தோன்றும். மூன்றரை அங்குல நீளமும் இரண்டேகால் அங்குல அகலமுமாகத் தைத்து, அடியில் சிறிது பொடிமணலும் மேலே மரத்தூளும் நிரப்ப வேண்டும். பஞ்சு திணித்தால் தலையணையாகத் தோன்றும்; மணல் இட்ட மூட்டையோ கனத்தால் சாய்ந்து உட்காரும்.

திறந்த மூட்டையில் இடும் தானியத்திலும் பன்னிரண்டின் கணக்கையே பார்க்க வேண்டும். அரிசிக்கு வெள்ளை ரவை, கொண்டைக்கடலைக்குக் கசகசா, சின்ன வெங்காயத்துக்குக் கேழ்வரகு. மிளகாய் வற்றலுக்குச் சிவப்பு நூல் கழிவைப் பசையில் தோய்த்து முறுக்கி, காய்ந்தபின் கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கலாம். செட்டியார் பொம்மைக்கு முன் உண்மையான அரிசியும் பருப்பும் வைப்பது மங்கல வழக்கம். அங்கே அளவு பேசுவது மரியாதையாகாது.

சுளகும் கொட்டானும் கடகமும் பனங்குருத்து ஓலையில் முடைய வேண்டும். ஓலையை இரவெல்லாம் நனைத்து, ஈர்க்கினும் மெல்லியதாகக் கீறிக்கொண்டால் ஒன்றரை அங்குலச் சுளகு அழகாக அமையும். வண்டி, ஏர், கட்டில் ஆகியவற்றைச் சோளத்தட்டையின் சண்டிலும் தோலிலும் செய்யும் முறையைக் கிராமத்துப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர், விரித்துரைக்க வேண்டியதில்லை.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசி வட்டாரத்தில் பெட்டி மடிக்கும் வேலை வீடுதோறும் பரவிற்று. வழக்கமான தீப்பெட்டி ஏறத்தாழ இரண்டங்குல நீளமும் அரை அங்குல உயரமும் உடையது. நம் அளவில் இரண்டடி நீளமும் அரையடி உயரமும் ஆகும். மூன்றை அடுக்கித் துணித் தாள் ஒட்டினால் இழுப்பறைப் பெட்டி. அதன் மேலொட்டும் படத்தை ஈர்க்கில் கோத்துச் சுவரில் மாட்டினால் நாட்காட்டி. பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பதால் அதை உரித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். ஏணிக்கும் வேலிக்கும் மருந்து தோய்க்காத வெறுங்குச்சியை வாங்குக. மருந்துத் தலையைச் சுரண்டி எடுக்க ஒருபோதும் முயலற்க. தீபாவளி நெருங்குவதால் பட்டாசுக் கடை செட்டும் கேட்பார்கள். சரவெடியைப் புதிய சிவப்புத் தாளில் வெறும் சுருளாகச் செய்க. ஆலையிலிருந்து வந்த குழாயும் தாளும் வீட்டுக்குள் நுழையவே வேண்டா. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த தீ விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. மருந்தைத் தொடாமல் கூலி பெறும் வேலை ஒன்று வீட்டிலிருந்தே கிடைக்குமென்பதுதான் பல தாய்மார் இதில் காணும் நன்மை. அந்நன்மையை நாமே கெடுத்துக்கொள்ளலாகாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சிறு பொருள், சிறு விரல் என்ற எண்ணம் எளிதில் எழும். ஒரு காலத்தில் தீப்பெட்டி வேலையில் நம் பிள்ளைகளின் பள்ளிப் பருவம் கழிந்ததற்கு அவ்வெண்ணமும் ஒரு காரணம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் இயற்றப்பெற்று, 2016இல் திருத்தப்பெற்றபின் 14 வயது நிறையாதோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற விலக்கு உண்டு. பள்ளிவிட்டு வந்த பிள்ளை ஒரு கொட்டானை விளையாட்டாக முடைவது வேறு. குரோசுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து முடைவிப்பது வேறு. பின்னதைச் சங்கம் வாங்க மறுப்பதே முறை.

விலையை நூலின் எடையைக் கொண்டு கட்டினால் நட்டமே மிஞ்சும். பத்துப் பொருள் செய்து முடிக்கக் கடிகாரப்படி எவ்வளவு நேரம் சென்றதென்று குறித்து, அந்நேரத்துக்குரிய நாட்கூலியைப் பத்தில் வகுத்து, அதன்மேல் பொருள் செலவையும் சங்கக் கழிவையும் சேர்க்க வேண்டும். அவ்விலைக்குச் சந்தையில் கேட்பாரில்லையேல் அப்பொருளை விட்டு வேறொன்றைச் செய்வதே நன்று. பொருளைப் பெறும்போது சங்கக் காரியதரிசி ஐந்தரை அங்குலக் குச்சி ஒன்றில் முழங்கால், இடுப்பு, தோள் ஆகிய இடங்களைக் கீறி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கட்டும். உரல் முழங்கால் அளவிலும், உலக்கை தோளுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

நவராத்திரி மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. கடைக்காரர் ஆவணியிலேயே சரக்கு எடுப்பர். ஆகவே ஆடியில் பாவு ஏறியிருக்க வேண்டும். மைதாப் பசையைப் பூச்சியும் எலியும் விரும்பும். பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் கலப்போர் உண்டு. அது நஞ்சாதலாலும், இச்சாமான்கள் குழந்தைகள் கைக்குச் செல்வதாலும் இங்கு அது கூடாது. நன்றாக வெயிலில் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையோடு தகரப் பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டு வரை கெடாது.