வக்கீலிடம் போவதற்கு முன்னால்



பாரிட் புந்தார் நெல் விளையும் ஊர். அறுவடை வரட்டும் என்று சரக்கைக் கடனாகக் கொடுப்பதும், ஊர்க்காரர், சொந்தக்காரர் என்ற ஒரே காரணத்துக்காகக் கடையில் கூட்டுச் சேர்வதும் நமக்குள் நெடுநாளைய வழக்கம். கொடுத்தவரும் வாங்கியவரும் இருக்கும்வரை வாய்ச்சொல்லே போதும். அவர்களில் ஒருவர் மவுத்தாகிப் பிள்ளைகள் பெட்டியடிக்கு வந்த பிறகுதான், “எங்கள் அத்தா அப்படிச் சொல்லவில்லையே” என்ற பேச்சு எழுகிறது. அன்றைக்குக் கோபத்தைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாமல் வக்கீல் ஆபீசுக்கு ஓடுகிறோம்.

திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது கடனைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறிதானாலும் சலிப்படையக் கூடாது என்றெல்லாம் அதில் கட்டளை இருக்கிறது. சிநேகிதனிடம் எழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வியாபாரிகள் கவனிக்கத்தக்க ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லா என்றும், தையப் ஹாஜி கான் முஹம்மது என்றும் இரு பெரிய முஸ்லிம் வியாபாரிகள் இருந்தார்கள். இருவரும் போர்பந்தர்க்காரர்கள், உறவினரும்கூட. புரோநோட்டு விவகாரத்தில் 40,000 பவுன் கேட்டு தாதா அப்துல்லா வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் உதவுவதற்காக 1893-இல் ஓராண்டுக்கு 105 பவுன் பேசி அழைக்கப்பட்ட இளம் பாரிஸ்டர்தான் காந்தி. அவர் முதலில் திறந்தது சட்டப் புத்தகத்தை அல்ல. கணக்கு எழுதும் முறையைப் படித்து, பேரேட்டை வரிவரியாகப் பார்த்தார். நடந்த உண்மை விளங்கினால் சட்டம் தானாக நம் பக்கம் வரும் என்பது அவர் கண்ட பாடம். வக்கீல் செலவு இரு தரப்பையும் தின்றுகொண்டிருப்பதைக் கண்டு, விவகாரத்தை மத்தியஸ்தரிடம் விடச் செய்தார். தாதா அப்துல்லாவுக்குச் சுமார் 37,000 பவுனும் செலவும் தீர்ப்பாயிற்று. அதை ஒரே தடவையில் கட்டினால் எதிராளி திவாலாகிவிடுவார் என்பதால், நீண்ட தவணையில் வாங்கிக்கொள்ளவும் வாதியைச் சம்மதிக்க வைத்தார். பணமும் வந்தது, உறவும் மிஞ்சியது.

இனி நம் காரியத்துக்கு வருவோம்.

முதலாவது, தேதியைப் பாருங்கள். 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கடன், ஒப்பந்த வழக்குகளைச் சாதாரணமாக 6 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். நிலத்தை மீட்க 12 ஆண்டு. அந்தக் கெடுவுக்குள் கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ, அன்றிலிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்கும். நம் பேருக்கு சம்மன் வந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கிடைத்த 14 நாளுக்குள் கோர்ட்டில் ஆஜராவதாகத் தாக்கல் செய்யாவிட்டால், நம் பேச்சைக் கேளாமலே தீர்ப்பாகிவிடலாம்.

இரண்டாவது, எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 5,000 வெள்ளி வரையுள்ள சிறு பாக்கியை, தனி ஆளாக உள்ளவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். நிக்காஹ், தலாக் போன்றவை ஷரீஆ கோர்ட்டைச் சேர்ந்தவை. அங்கே வாதாட ஷரீஆ வக்கீலுக்கென்று தனி அனுமதி உண்டு. ஆகவே எல்லாவற்றையும் ஒரே வக்கீலிடம் கொண்டுபோவதில் பயனில்லை.

மூன்றாவது, ஆளை விசாரியுங்கள். பிராக்டிஸ் செய்ய அந்த ஆண்டுக்குரிய சான்றிதழ் உள்ளவரா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பெயர்ப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். காப்பிக் கடையில் “எனக்குத் தெரிந்த லாயர்” என்று கமிஷனுக்கு ஆள் பிடிப்பவரை நம்ப வேண்டாம். “ஜெயித்தால் இத்தனை பங்கு” என்று வக்கீல் கூலி பேசுவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது.

நான்காவது, காகிதங்களைச் சேர்த்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். பேரேடு, ரசீது, பாங்கு ஸ்டேட்மெண்டு, கடை வாடகைப் பத்திரம், வியாபாரப் பதிவு, கடிதம், கைப்பேசியில் வந்த செய்திகளின் பிரதி ஆகிய எல்லாம் வேண்டும். மூலப் பத்திரத்தை வீட்டில் பத்திரமாக வைத்துப் பிரதியைக் கொடுங்கள். மூலம் கொடுக்க நேர்ந்தால் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டாம்பு வரி கட்டாத பத்திரத்தை, வரியும் அபராதமும் கட்டும்வரை, கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது. கூட்டு வியாபாரத்தில் எழுத்தோ வேறு உடன்பாடோ இல்லையென்றால், 1961-ஆம் ஆண்டுக் கூட்டுவியாபாரச் சட்டம் முதலும் லாபமும் சமபங்கு என்றே கொள்ளும். அதிகம் முதல் போட்டவர் அதற்கு ருசு தேடிக்கொண்டு போக வேண்டும்.

ஐந்தாவது, ஒரு தாளில் நடந்ததைச் சுருக்கமாக எழுதுங்கள். என்று, எவ்வளவு, யார் முன்னிலையில் என்பது போதும். எதிராளியை ஏசுவதற்கு அந்தத் தாளில் இடம் வேண்டாம். கடைசி வரியில், நமக்கு என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள்: பணமா, கடையா, கணக்கா, அல்லது சமாதானமா? இதை நாமே தீர்மானிக்காமல் போனால் வக்கீல் என்ன செய்வார்?

வக்கீல் முன் உட்கார்ந்ததும் முதலில் எதிராளியின் பெயரைச் சொல்லுங்கள். அவருக்கும் இதே வக்கீல் வேலை செய்திருந்தால் நம் வழக்கை எடுக்க முடியாமல் போகலாம். பிறகு, நமக்குப் பாதகமான சங்கதிகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்சிக்காரர் சொன்னதை அவர் அனுமதியின்றி வக்கீல் வெளியிடக் கூடாது என்பது 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். குற்றம் செய்வதற்காகக் கேட்கும் யோசனைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எழுந்து வருமுன் இவற்றைக் கேளுங்கள்: கூலி எவ்வளவு? கோர்ட்டுச் செலவு அதில் சேர்ந்ததா, தனியா? எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்ட வேண்டும்? வழக்கை நடத்துவது இவரா, உதவியாளரா? தோற்றால் எதிராளிக்கு என்ன கொடுக்க நேரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வாங்குங்கள். ஜெயித்தாலும் செலவு முழுவதும் திரும்பி வருவது அரிது. 3,000 வெள்ளிப் பாக்கிக்கு அதைவிட அதிகம் செலவழிப்பது வியாபாரமல்ல. கையில் வசதியில்லாதவர் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை அணுகலாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஒருவர் வாதத் திறமையால் தம் சகோதரரின் உரிமை தம் பக்கம் தீர்ப்பாகிவிட்டால், அவருக்குக் கிடைத்தது நெருப்பின் ஒரு துண்டுதான் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். கெட்டிக்கார வக்கீல் வழக்கை ஜெயித்துத் தரலாம். ஹராமை ஹலாலாக்கித் தர அவரால் முடியாது. எனவே, பேரேட்டைக் கட்டி எடுக்கும்போதே நம் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று முதலில் நாமே பார்த்துக்கொள்வோம். இருந்தால் தைரியமாகப் போகலாம். இல்லையென்றால், அந்த வண்டிச் சத்தத்தில் எதிராளி வீட்டுக்கே போய் ஸலாம் சொல்லிவிடலாம்.