விசில் எண்ணிச் சமைக்கலாமா?

அரிசிக்கு மூன்று, பருப்புக்கு ஐந்து, கொண்டைக்கடலைக்கு எட்டு என்று நம் சமையல்கட்டுகளில் ஒரு வாய்ப்பாடே ஓடுகிறது. சமையல் குறிப்பு எழுதுகிறவர்களும் நிமிடத்தை விட்டுவிட்டு விசிலைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் பருப்பு வெந்ததா என்பது விசிலுக்குத் தெரியாது. உள்ளே அழுத்தம் வெயிட்டைத் தூக்கும் அளவுக்கு ஏறிவிட்டது, மிஞ்சிய ஆவி வெளியேறுகிறது. அந்தச் சத்தத்துக்கு அவ்வளவுதான் பொருள். 1679-ல் டெனி பாப்பன் செய்த முதல் குக்கரிலும் எடை வைத்த வால்வு வந்தது பாத்திரம் வெடிக்காமலிருக்கத்தான், பதம் பார்க்க அல்ல. இன்றைய வீட்டுக் குக்கரில் அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. உள்ளே வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அதைப் பொறுத்தே பருப்பு வேகும். தீயைப் பெரிதாக வைத்தால் விசில் அடுத்தடுத்து அலறும், சூடு மட்டும் அதற்குமேல் ஏறாது. கூடுதலாக எரிந்த கேஸ் ஆவியாகக் கூரைக்குப் போய்விடும்.

“எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு தப்பியதே இல்லையே” என்பார்கள். உண்மைதான். அதே குக்கர், அதே அடுப்பு, அதே ஆழாக்கு, அதே தண்ணீர் என்றிருக்கும்போது இரண்டு விசிலுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் அதிகம் மாறாது. அங்கே விசிலை எண்ணுகிறவர் தெரியாமலே நிமிடத்தை எண்ணுகிறார். 3 லிட்டர் குக்கரும் இண்டக்‌ஷன் அடுப்புமாகத் தனிக்குடித்தனம் போன மகளுக்கு அதே கணக்கைச் சொன்னால் சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாக மிதக்கும். (பருப்பின் மேலும் தப்பிருக்கலாம்: நாள்பட்ட சரக்கும் கால்சியம் மிகுந்த போர் தண்ணீரும் சேர்ந்தால் லேசில் மசியாது.)

அப்படியானால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். குக்கரின் நிலையைச் சத்தம் சரியாகவே சொல்லும். உலர்ந்த ‘உஸ்’ஸுக்குப் பதில் கொழகொழவென்று துப்பி, வெயிட்டைச் சுற்றி மஞ்சள் நுரை வழிந்தால், உள்ளே அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்கள், ஆவி போகும் துவாரம் அடைபடலாம். வெகுநேரம் விசிலே வராவிட்டால் காஸ்கெட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் தண்ணீர் வற்றியிருக்கும். உடனே அடுப்பை அணைக்க வேண்டும். மற்றபடி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஊறவைத்த துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம் போதும்.