டோக்கியோவில் மலிவாக ஆங்கிலப் புத்தகம்

ஆறு மாத வேலையாக டோக்கியோ போகிறேன். இரவில் ஆங்கில நாவல் படிக்காமல் தூக்கம் வராது. அங்கே புதுப் புத்தகம் விலை அதிகம் என்கிறார்களே, என்ன செய்வது? – வாசகி, திருச்சி

கவலையை விடுங்கள். பழைய புத்தகங்களைக் கொண்டாடும் ஊருக்குத்தான் போகிறீர்கள்! முதலில் 'புக் ஆஃப்' கடை. அதன் பெரிய கிளைகளில் ஆங்கிலப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி உண்டு. சில நூறு யென்னுக்கே நாவல் கிடைக்கும்.

அடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட பழைய புத்தகக் கடைகள் உள்ள ஜிம்போச்சோ. வெயில் பட்டுத் தாள் பழுப்பேறாமலிருக்க, பல கடைகள் வடக்கு பார்த்தே இருக்கும். மலிவானவற்றை வாசலில் உள்ள பெட்டிகளில் தேடுங்கள். ஞாயிறன்று பல கடைகள் திறக்காது, சனிக்கிழமை போங்கள். அக்டோபர் கடைசியில் அங்கிருந்தால் யோகம்தான்: தெருவோரத்தில் பழைய புத்தகத் திருவிழாவே நடக்கும்!