வாயிற் காவல்

கோட்டையின் மதில் எத்துணை உயர்ந்ததாயினும், அதற்கு ஒரு வாயில் இருந்தே தீரும். வாயிலின்றி மதில் மட்டும் இருப்பின் அது சிறையாகுமேயன்றிக் கோட்டையாகாது. பகைவர் மதிலைத் தகர்க்க முயல்வதினும் வாயிலைக் கைப்பற்றவே பெரிதும் முயல்வர். அதிலும், வாயிற்காவலனையே தம்வயப்படுத்திக் கொண்டால் அவர்க்குப் போரே வேண்டுவதில்லை.

இக்காலத்தில் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் தத்தம் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்து வலைப்பின்னலாக அமைத்துள்ளன. இவ்வலைப்பின்னல் வெளியுலகத்தோடு கூடும் இடத்தில் நிற்கும் கருவிக்கு ரூட்டர் என்று பெயர். திசைவி எனத் தமிழிலும் வழங்குவர். எச்செய்தி எவ்வழிச் செல்ல வேண்டுமென்று முடிவு செய்வது அதுவே. அக்கருவிக்குள்ளும் ஒரு மென்பொருள் இயங்குகிறது. மென்பொருளை எழுதுவோர் மாந்தராதலின், அதில் பிழையும் புகுதல் இயல்பு.

பல்வகைப் பிழைகளுள் ஒன்றை இங்கு ஆராய்வோம். அதற்கு 'உரிமை உயர்த்தல்' என்று பெயர். ஓர் அலுவலகத்தில் கடிதங்களைப் பதிவு செய்யும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். அவர் பதிவேட்டைப் பார்க்கலாம். ஆணை பிறப்பிக்க இயலாது. முத்திரை தலைவரிடத்தில் இருக்கும். முத்திரைப் பெட்டியின் பூட்டில் ஒரு குறை இருந்து, எழுத்தர் அதனைத் திறந்துவிட்டால் என்னாகும்? அவர் பிறப்பிக்கும் ஆணை தலைவர் பிறப்பித்த ஆணையாகவே கொள்ளப்படும். கணிப்பொறியிலும் இவ்வாறே நிகழ்கிறது. எவரும் தம் பணிக்கு இன்றியமையாத உரிமையை மட்டுமே பெற்றிருத்தல் வேண்டுமென்று சால்ட்சர், சுரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975ஆம் ஆண்டிலேயே எழுதினர். கொள்கை எளிது, கடைப்பிடித்தலே அரிது.

சிஸ்கோ என்னும் அமெரிக்க நிறுவனம் செய்யும் திசைவிகளில் உரிமைகள் 0 முதல் 15 வரை படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. முதற்படியில் நிற்பவர் சிலவற்றைப் பார்க்கலாம். பதினைந்தாம் படியில் நிற்பவர் எல்லாக் கட்டளைகளையும் இடலாம். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அந்நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதன் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. என்னும் மென்பொருளில், வலைப்பக்கத்தின் வாயிலாகக் கருவியை ஆளும் பகுதியில் ஒரு பிழை காணப்பட்டது. கடவுச்சொல் ஏதும் அறியாத வெளியார் ஒருவர் அப்பிழையின் வழியே பதினைந்தாம் படி உரிமையுடைய புதிய பயனர் ஒருவரைப் படைத்துவிட முடிந்தது! பிழைகளின் கடுமையை அளக்கும் அளவுகோலில் இதற்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் வழங்கப்பட்டது. மாணவர் விரும்பும் மதிப்பெண்தான். ஆயினும் இங்கு அது பெருமைக்குரியதன்று. பகைவர் இதனைச் செப்டம்பர் 18ஆம் நாளளவிலேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர் என்பதற்கும் தடயம் கிடைத்தது.

காவலன் ஏமாந்தது எங்ஙனம்? ஆராய்ச்சியாளர் பின்னர் விளக்கியது சுவையுடையது. வலைமுகவரியில் ஓர் எழுத்தை நேரே எழுதாமல், விழுக்காட்டுக் குறியும் ஓர் எண்ணும் சேர்த்து மறைத்தெழுதும் வழக்கம் உண்டு. ஆங்கில எழுத்தாகிய 'டபிள்யூ'வுக்கு உரிய எண் 77. விழுக்காட்டுக் குறிக்கும் ஓர் எண் உண்டு, அது 25. பகைவர் இவ்விரண்டையும் அடுக்கி, எழுத்தை இருமுறை மறைத்தனர். முகத்திரை மேல் முகத்திரை இட்டாற்போல என்க. வாயிலில் நின்ற மென்பொருள் ஒரு திரையை மட்டும் நீக்கிப் பார்த்தது, உள்ளே விடலாகாதவர் பட்டியலில் அப்பெயர் இல்லை, ஆதலின் விட்டுவிட்டது. உள்ளிருந்த மென்பொருளோ இரண்டாம் திரையையும் நீக்கியது. வந்தவர் வாயிலைக் கடந்து வந்தவராதலின் ஆராயப்பட்டவரே என்று நம்பி, அவர் சொன்ன பணியைச் செய்தது. இருவரும் தத்தம் கடமையைச் செய்தனர். இருவருக்கும் இடையே பிழை நுழைந்தது. நம் அகப்பொருள் இலக்கணம் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது செல்வோரை 'வாயில்கள்' என்று கூறும். பாணன் சொல்லைத் தலைவி ஆராயாது ஏற்பதில்லை. இம்மென்பொருளுக்கு அவ்வறிவு இல்லாமற் போயிற்று.

பதினைந்தே இறுதிப் படி என்று எண்ணற்க. அம்மென்பொருளுக்கு அடியில் லினக்ஸ் என்னும் வேறோர் அமைப்பு இயங்குகிறது. அதன் முழுமுதல் உரிமையுடைய பயனருக்கு 'ரூட்', அதாவது 'வேர்' என்று பெயர். உச்சியில் இருப்பவரை முடி என்னாது வேர் என்றது வியப்பாகத் தோன்றினும், மண்ணுக்குள் மறைந்து அனைத்தையும் தாங்குவது வேரேயன்றோ? பகைவர் புதிய பயனராக உள்ளே நுழைந்தபின், அதே வலைப்பகுதியில் இருந்த இரண்டாம் பிழையொன்றால் இவ்வேர் உரிமையையும் பெற்றனர். அங்கே தமக்கென ஒரு சிறு நிரலை ஒளித்து வைத்தனர். பிறகு வேண்டியபோது வெளியிலிருந்து கட்டளையிட அஃது உதவியது.

அந்நிரல் ஒரு குறிப்பிட்ட வினாவுக்கு விடையளிக்கும் இயல்புடையது. ஆகவே ஆராய்ச்சியாளர் இணையமெங்கும் அவ்வினாவை அனுப்பி, விடை வந்த கருவிகளை எண்ணினர். பல்லாயிரம் என்று தெரிந்தது. சில நாள்களில் அத்தொகை திடீரெனச் சில நூறாகக் குறைந்தது. நோய் நீங்கியது என மகிழ்ந்தாரும் உளர். உண்மை வேறு. அடையாளச் சொல் ஒன்று கூறினாலன்றி வாய் திறவாதபடி நிரல் மாற்றப்பட்டிருந்தது! வேறொரு வகையால் எண்ணியபோது, 37,000க்கு மேற்பட்ட கருவிகளில் அஃது ஒளிந்திருத்தல் புலனாயிற்று.

திருத்திய மென்பொருள் அக்டோபர் 22ஆம் நாள் முதல் வெளிவரலாயிற்று. அதுவரையில் அவ்வலைப்பகுதியை வெளியுலகுக்கு மூடிவிடுவதே வழியாக இருந்தது. கருவியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கினால் ஒளிந்திருந்த நிரல் அழிந்துவிடும். ஆனால் பகைவர் படைத்த பயனர் அழிவதில்லை. பதினைந்தாம் படியிலேயே அமர்ந்திருப்பார். ஆதலின் கருவியைக் காப்போர் பயனர் பட்டியலை வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அதுவும் எளிதன்று. பகைவர் இட்ட பெயர்களுள் ஒன்று 'சிஸ்கோ சப்போர்ட்'. நிறுவனத்தின் உதவியாளர் பெயர் போலவே தோன்றும் அதனை, கண் எளிதில் கடந்து சென்றுவிடும்.