ஒரு பாட்டில் தண்ணீர் போதாது

வாய்க்கால் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து, "இது நல்லதா கெட்டதா?" என்று கேட்பார்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றியுள்ள பாசனக்காரர்களின் கவலை நியாயமானது. ஆனால் அந்த ஒரு பாட்டில் அன்றைய காலையைப் பற்றி மட்டுமே பேசும். ஓராண்டுக் குறிப்பேடு இருந்தால்தான் வழக்கமான நிலை எது, மாற்றம் எது என்று தெரியும்.

முதலில், எந்த நீரைப் பார்க்கிறோம்? பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரை பொங்கிவிடும். அந்த ஆழ்நீர் ஒன்று. வெட்டிய குழியில் விழும் மழை, மண்ணையும் கரித்தூளையும் சுமந்து வருவது இன்னொன்று. அனல்மின் நிலையச் சாம்பல் குளத்திலிருந்து கசிவது வேறு. மூன்றுக்கும் மூன்று குணம். எல்லாம் கலந்து கீழேயுள்ள வாலாஜா ஏரிக்கு வந்தபின் எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது மிகக் கடினம். எனவே ஒவ்வொரு வாய்க்காலிலும் மற்ற நீரோடு கலப்பதற்குச் சற்று முன் ஓர் இடம், கலந்து ஓடியபின் ஓர் இடம், சுரங்க நீர் சேராத மேல்பக்கம் ஓர் இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேல்பக்க இடத்தை விட்டுவிடாதீர்கள். "இந்த மண்ணே அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், பதில் அங்கேதான் இருக்கிறது. 2023இல் இப்பகுதியில் ஓடும் பரவனாற்றின் போக்கே மாற்றப்பட்டது. பழைய வரைபடத்தை நம்பாமல் கரையோடு நடந்து பார்த்து இடங்களை முடிவு செய்யுங்கள். சுரங்க வேலிக்குள் போக வேண்டாம்.

பி.எச்., மின்கடத்துதிறன் இரண்டையும் அளக்கும் கைக்கருவிகளை ஊர்ப்பொதுவில் வாங்கி, வாரம் ஒருமுறை அதே இடங்களில் அளந்து எழுதுங்கள். அளக்கும் நாளில் தரக்கரைசலில் கருவியைச் சரிபார்க்காவிட்டால் அந்த எண்ணை யாரும் ஏற்கமாட்டார்கள். கரியோடு வரும் கந்தக இரும்புத் தாது காற்றும் நீரும் பட்டால் அமிலமாகும், பி.எச். இறங்கும், வாய்க்கால் அடியில் துருநிறம் படியும். ஆனால் பி.எச். சரியாக இருப்பதால் மட்டும் நிம்மதியடைய வேண்டாம். சுண்ணாம்புள்ள மண் அமிலத்தைத் தணித்துவிடும். அமிலத்தோடு உருவான சல்பேட் மட்டும் நீரிலேயே நிற்கும். கடத்துதிறன் திடீரென ஏறினால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவத்தின் முதல் பெருமழை வந்த சில மணி நேரத்துக்குள் கட்டாயம் ஒரு மாதிரி எடுங்கள். கோடை முழுக்கப் படிந்தது அப்போதுதான் கழுவிக்கொண்டு வரும்.

உலோகச் சோதனையை ஆண்டுக்கு இரண்டுமுறை, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செய்தால் போதும். பாட்டிலை அவர்களிடமே கேளுங்கள். அமிலம் ஊற்றித் தந்த பாட்டிலை அலசக் கூடாது. வடிகட்டிய மாதிரி, வடிகட்டாத மாதிரி என்று இரண்டு எடுத்தால், உலோகம் நீரில் கரைந்திருக்கிறதா, சேற்றில் ஒட்டியிருக்கிறதா என்று தெரியும்.

எதோடு ஒப்பிடுவது என்பதிலும் குழப்பம் வேண்டாம். குடிநீருக்கு பி.எச். 6.5 முதல் 8.5, சல்பேட் லிட்டருக்கு 200 மில்லிகிராம், பாதரசம் 0.001 மில்லிகிராம். பாசனத்துக்கோ கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோசீமன்ஸ் வரை ஏற்பார்கள். வயலுக்கு ஆகும் நீர் குடத்துக்கு ஆகாது.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணக்க அறிக்கை தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டு வாங்கி, அதே தேதிகளில் உங்கள் குறிப்பேடு என்ன சொல்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.