மங்கலம்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஊரிலிருந்து ஒருவர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பினால், வாடகைக் கார் பேசுவதுதான் முதல் வேலை என்றாகிவிட்டது. போக ஒரு வாடகை, வண்டி காலியாகத் திரும்ப இன்னொரு வாடகை. அவ்வளவு செலவுக்கு அவசியமே இல்லை. மங்கலம்பேட்டை இருப்பது விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை சாலையில். உளுந்தூர்பேட்டையில் திருச்சி நெடுஞ்சாலையைத் தொட்டுவிட்டால், அது மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வாசல் வழியாகத்தான் சென்னைக்குள் நுழைகிறது. உளுந்தூர்பேட்டையிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். வண்டிக்குப் பஞ்சமில்லை. எந்தத் தேதியில் கிளம்புவது, எங்கே இறங்குவது என்ற இரண்டில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

செய்ய வேண்டியவை

• டிக்கெட்டில் உள்ள தேதியை வீட்டில் இரண்டு பேராவது பாருங்கள். வளைகுடா விமானங்கள் பலவும் நள்ளிரவு தாண்டி, விடிவதற்குள் கிளம்புபவை. 12-ஆம் தேதி 02.30 என்று அச்சிட்டிருந்தால், நம் பேச்சில் அது 11-ஆம் தேதி ராத்திரி. மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே இருக்க வேண்டுமென்றால், 11-ஆம் தேதி மாலை 4 மணிக்காவது வீட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும். 12-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். ரயிலிலும் இதே வில்லங்கம் உண்டு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் திருச்சியில் ஒரு தேதியில் கிளம்பி, விருத்தாசலம் வரும்போது மறு தேதி பிறந்துவிடும். முன்பதிவு செய்யும்போது நீங்கள் ஏறும் நிலையத்தின் தேதியைப் பாருங்கள்.

• ரயில் என்றால் தாம்பரத்தில் இறங்குங்கள். விருத்தாசலத்தில் ஏற, பகலில் பல்லவன், வைகை, இரவில் மலைக்கோட்டை. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை உண்டு. எக்ஸ்பிரஸ் டிக்கெட் தாம்பரத்தோடு முடிந்தது, திரிசூலத்துக்குத் தனி டிக்கெட் எடுங்கள். வேக வண்டி வந்தால் திரிசூலத்தில் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

• பஸ் என்றால் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து விமான நிலையம் 15 கிலோமீட்டர் அளவில்தான், ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பல்லாவரம் தாண்டிப் போகும் மாநகரப் பேருந்தில் ஏறி வாசலிலேயே இறங்கலாம்.

• பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் மூன்றும் தோள்பையில் இருக்கட்டும். பஸ் டிக்கியில் போடும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

• திருச்சியிலிருந்து விமானம் கிடைக்குமா என்றும் பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்கெல்லாம் அங்கிருந்தே போகலாம், 2024-இல் புது முனையமும் வந்துவிட்டது. டி.வி.எஸ். டோல்கேட்டில் இறங்கினால் புதுக்கோட்டை சாலையில் போகும் பேருந்து விமான நிலையத்தில் விட்டுவிடும். (நெய்வேலியில் விமானம் இறங்கும் என்கிறார்களே என்று கேட்காதீர்கள். பல வருடமாக ஓடுவது பேச்சுதான்.)

செய்யக்கூடாதவை

• எழும்பூர் வரை போய்த் திரும்பி வராதீர்கள். தாம்பரத்தைத் தாண்டிய ஒவ்வொரு நிமிடமும் இரட்டைச் செலவு.

• திங்கட்கிழமை காலை விமானத்துக்கு ஞாயிறு இரவு பஸ்ஸை நம்பாதீர்கள். ஊருக்கு வந்த சென்னைக்காரர்கள் அத்தனை பேரும் அன்றுதான் திரும்புவார்கள். பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளென்றால் கேட்கவே வேண்டாம், விக்கிரவாண்டி டோல்கேட்டிலும் பரனூரிலும் வண்டிகள் நகராது. அந்த நாட்களில் ரயில்தான். இடம் கிடைக்காவிட்டால் முந்தின நாளே போய்ச் சேருங்கள்.

• வழியனுப்ப வேன் நிறைய ஆள் கூட்டிப் போகாதீர்கள். பயணிக்கு மட்டும்தான் உள்ளே வழி. மற்றவர்கள் வெளியே கொசுக்கடியில் நிற்க வேண்டியதுதான். விருத்தாசலம் ஜங்ஷன் நடைமேடையிலேயே அழுது முடித்துவிடலாம்.

• ஒருவர் தூக்க முடியாத பெட்டியைக் கட்டாதீர்கள். திரிசூலத்தில் தள்ளுவண்டி கிடையாது, படிக்கட்டு உண்டு. பெரிய ஒன்றைவிடச் சின்னது இரண்டு மேல். விருத்தாசலம் பீங்கான் பொம்மை கொண்டு போனால் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். கொப்பரையை விமானத்தில் விடமாட்டார்கள், முந்திரிக்குத் தடையில்லை.

• வெளிநாட்டிலிருந்து இறங்கியதும் கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு டாக்ஸி பிடிக்காதீர்கள். சில வருடம் கழித்து வருபவர்கள் பழைய நினைப்பில் இதைத்தான் செய்கிறார்கள். கிளாம்பாக்கம் முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30. அடுத்த மாதத்திலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறிவிட்டன. நள்ளிரவில் இறங்கினால் விமான நிலையத்துக்குள்ளேயே உட்காருங்கள். அதிகாலை 4 மணி வாக்கில் மின்சார ரயில் ஓடத் தொடங்கும். செங்கல்பட்டு வண்டியில் வண்டலூர் வரை போய், அங்கிருந்து பேருந்தில் கிளாம்பாக்கம்.

• கிளாம்பாக்கத்தில் 'விருத்தாசலம்' என்ற பலகையைப் பார்த்ததும் ஓடி ஏறாதீர்கள். பண்ருட்டி, நெய்வேலி வழியாகப் போகும் வண்டியும் அதே பலகைதான் மாட்டியிருக்கும். அதில் ஏறினால் விருத்தாசலத்தில் இறங்கி, பெட்டியோடு இன்னொரு பஸ் பிடித்து வடக்கே திரும்பி வர வேண்டும். "உளுந்தூர்பேட்டை வழியாங்களா? மங்கலம்பேட்டையில நிக்குமா?" என்று நடத்துனரிடம் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு பெட்டியை ஏற்றுங்கள்.